தை முடியும் வரை குடிகாரன்

தாண்டிக்குடி
18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். உனக்கு அதைச் செய்யத் தெரியாது, மகள் தமிழ்மதியை வைத்துத்தான் செய்திருப்பாய். செய்யாவிட்டாலும் ஒன்றுதான். என் வாயிலிருந்து இப்போது வருவது எனக்கே புரிவதில்லை. வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

மச்சான் செத்துப் பத்து வாரம் ஆகிறது. நடு வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். நீ செருப்பால் அடித்தாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கல்லைத் தூக்கியிருப்பேன். ஆனால் அக்கா, நெஞ்சில் வந்தது அழுகைதான். வாயைத் திறந்ததும் அது சிரிப்பாகப் போய்விட்டது. கையால் வாயைப் பொத்தினேன், பல்லைக் கடித்தேன், நிற்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் குடித்திருக்கவில்லை.

குடியைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. காப்பிக்கொட்டை பறிக்கிற பெண்கள் பதினோரு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது, வளைவில் பின்சக்கரம் ரோட்டை விட்டு வெளியே போனதே, அன்றோடு விட்டேன். உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? நீ என்ன செய்தாய்? மாசி சிவராத்திரிக்கு ஊரே கூடியிருக்கும்போது என்னைக் கருப்பு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், "சாமி, என் தம்பி நாக்கு குழறக் குடிக்கான், நீயே பாத்துக்க" என்று கத்தினாய். குடியை நிறுத்துகிற கறுப்புக் கயிற்றைப் பூசாரி என் இடது மணிக்கட்டில் கட்டினார். குடிக்காதவன் ஏன் கட்டிக்கொண்டாய் என்பாய். மாட்டேன் என்றால் இனியும் குடிப்பேன் என்று அர்த்தம். கட்டிக்கொண்டால் அதுவரை குடித்தேன் என்று அர்த்தம். நீ அழுதாய், கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகும் நாக்கு குழறியது. இப்போது நான் வெறும் குடிகாரன் இல்லை, கருப்புக்குச் செய்த சத்தியத்தை மீறியவன். டீக்கடையில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. கருப்பு என்னை அடிக்கும்போது தங்கள் மேலும் பட்டுவிடுமாம்.

ஜீப் முதலாளி சேனாதிபதி போன மாதம் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்குவதற்கு முன்னால், வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, "ஊதுலே" என்றார். ஊதினேன். உதடு குவியவில்லை, எச்சில்தான் அவர் சட்டையில் தெறித்தது. சாக்கடையில் கால் வைத்துவிட்டவர் போல முகத்தைச் சுளித்தார். இப்போதெல்லாம் அந்த முகத்தைத்தான் எல்லோரிடமும் பார்க்கிறேன். ஒன்று, செவிடனிடம் கத்துவது போல என்னிடம் கத்துகிறார்கள். இல்லாவிட்டால், நான் அங்கே இல்லாதது போல என்னைப் பற்றியே பேசுகிறார்கள். பேச்சுத்தான் போகிறது, எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்த இடத்தில் நின்று கத்தினாயோ அதே இடத்தில் நின்று, என் தம்பி குடிக்கவில்லை என்று சொல்.

வேலப்பன்


வட்டக்கானல்
2 செப்டம்பர் 2024

வேலப்பனுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. பதில் எழுதும்போது உன் பொய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இன்று திங்கள்கிழமை. சனி ஞாயிறு கூத்தடித்துவிட்டுப் போனவர்களின் அறைகள் ஆறு கழுவினேன். நாலாவது அறையில் கட்டிலில் வாந்தி, போர்வையில் வாந்தி, தலையணை உறைக்கு உள்ளேயும் வாந்தி. உறைக்கு உள்ளே ஒருவன் எப்படி வாந்தி எடுப்பான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த விடுதியில் பத்தொன்பது வருஷமாக இதுதான் என் சோலி. அதற்கு முன்னால் குடித்துவிட்டு வந்த அப்பா. அவருக்கு வாளி பிடித்தவள் நான், நீ அப்போது தூங்கிக்கொண்டிருப்பாய். குடித்தவன் நாக்கு எப்படிப் புரளும் என்று எனக்கு நீ பாடம் நடத்தாதே.

உன்னைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். சித்திரையில் வீட்டுக்கு வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே வாயோரம் ஒழுகவிட்டாய். அது தட்டில் விழுந்தது, அந்தச் சோற்றையே அள்ளித் தின்றாய். தமிழ்மதி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். உன் மச்சான் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உன்னிடம் நீட்டினார். அந்த மனுஷன் பிணமாகக் கிடக்கும்போது நீ அவர் முன்னால் பல்லைக் காட்டினாய். சிரிப்பு தானாக வந்ததாம். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படித் தானாக ஒரு சிரிப்பு வந்ததில்லை.

கருப்பு கோயிலில் வந்து மாற்றிச் சொல்வேன் என்று கனவு காணாதே.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கும்போது உன் முகத்துக்குப் பக்கத்தில் வந்தேன். வாடை இல்லை. வோட்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், வோட்கா குடித்த அறைகளில் அவ்வளவாக வாடை இருக்காது. ஆனால் சிரிக்கிறவன் கண்ணில் அத்தனை தண்ணீர் எதற்கு என்றுதான் புரியவில்லை.

உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈரலைக் காட்டச் சொல்லி இருளாயியிடம் சொல். அக்கறையில் சொல்லவில்லை. அது எப்படி வெந்து போயிருக்கிறது என்று உன் பெண்டாட்டியும் நீயும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்முகவள்ளி


தாண்டிக்குடி
14 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே மதுரைக்குப் போய் ஈரலைக் காட்டினோம். சுத்தமாக இருக்கிறதாம். உனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

டாக்டர் ஈரலை விட்டுவிட்டு நாக்கைப் பார்த்தார். நீட்டச் சொன்னார், பாதிதான் வந்தது. டார்ச் அடித்து, கண்ணாடியைக் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வாய்க்குள் சும்மா கிடந்த நாக்கு ஓரமெல்லாம் சுருங்கி, தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. உனக்கு மட்டும்தான் குமட்டும் என்று நினைக்காதே. அதற்குப் பிறகு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். கை, கால், நாக்கு எல்லாவற்றிலும் ஊசி குத்தி, தசையில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் பெயரைச் சொன்னார்கள். மோட்டார் நியூரான் நோய்.

எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. உத்தரவு வராத தசை சூம்பிப் போகிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர்தான் விழுவதில்லை. சிலருக்குக் கையில் தொடங்குமாம், சிலருக்குக் காலில். எனக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது. எனக்கு எச்சில் ஒன்றும் அதிகமாக ஊறவில்லை. எல்லோருக்கும் ஊறுகிற அளவுதான். நீங்கள் உங்களுக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறீர்கள், என்னால் முடியவில்லை. இடது கையும் போகத் தொடங்கிவிட்டது. கண், காது, தொட்டால் தெரிகிற உணர்ச்சி, புத்தி எல்லாம் அப்படியே இருக்கிறது. அதுதான் இதில் கேவலம். ஒவ்வொன்றாகக் கழன்று போவதைத் தெளிவாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டாக்டர் இருளாயியைக் கேட்டார், "காரணமே இல்லாம சிரிக்கிறாரா, அழுகிறாராம்மா?" இருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கிற கட்டுப்பாடும் இந்த நோயில் போய்விடுமாம். மனசுக்குள் ஒன்று இருக்கும், முகத்தில் வேறொன்று வரும். "எழவு வீட்லகூடவா சார்?" என்று கேட்டாள். "அங்கயும் வரும்மா. அவரு வேணும்னு செய்றதில்ல" என்றார். அதைக் கேட்டு நான் அழுதேன். அழுகையாகவே வந்தது, அன்றைக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது.

குணமாக்க மருந்து இல்லை. ஒரு மாத்திரை கொஞ்ச மாதம் தள்ளிப் போடும். இரண்டு வருஷம், மூன்று வருஷம், சிலர் அதற்கு மேலும் இருக்கிறார்கள். தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், தண்ணீரிலேயே மாவைக் கலந்து கூழாக்கித் தருகிறாள் இருளாயி. தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கரண்டி கரண்டியாகத் தண்ணீர் தின்கிறேன். பசை தின்கிற மாதிரி இருக்கிறது. பின்னால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியிருக்குமாம்.

ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தமிழ்மதி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அவளைப் படித்துச் சொல்லச் சொல். கருப்பு கோயிலுக்கு எப்போது வருகிறாய் என்று எழுது. என் வாயால் இதை யாருக்கும் சொல்ல முடியாது. நான் சொன்னால் குடித்துவிட்டு உளறுகிறேன் என்பார்கள்.

வேலப்பன்


வட்டக்கானல்
3 நவம்பர் 2024

தம்பி,

தமிழ்மதி இரண்டு தடவை படித்துச் சொன்னாள். நான் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்னை அடித்த செருப்பைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். தப்பு செய்துவிட்டேன் வேலப்பா. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நோய் என்று தெரிந்த பிறகு, நீ சோறு தின்றதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். இப்போது குமட்டாது என்று நினைத்தேன். குமட்டியது. முன்னால் உன்மேல் மட்டும் வந்தது, இப்போது என்மேலும் சேர்த்து வருகிறது.

தமிழ்மதிக்கு இடம் அமைந்திருக்கிறது. பையன் பெயர் விக்னேஷ், பாச்சலூர்க்காரன், கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அப்பா செத்த வருஷம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று தை இருபத்தொன்று குறித்திருக்கிறோம். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா, "பொண்ணுக்குத் தாய்மாமன் என்ன செய்றாரு?" என்று கேட்டாள். அது ரிப்போர்ட் வருவதற்கு முன்னால். குடிப்பான் என்று சொல்லிவிட்டேன். "எந்த வீட்லதான் இல்ல" என்று சிரித்தாள். அவ்வளவுதான், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

குடிகாரத் தாய்மாமன் அவர்களுக்குப் பழக்கம். நரம்பு செத்துப்போகிற தாய்மாமன் என்றால் பிள்ளைக்கு வருமா, பேரனுக்கு வருமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை, பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அப்படி என்று தமிழ்மதி விசாரித்துச் சொன்னாள். அவர்கள் கண்ணில் அந்த ஒன்பது பேர் பட மாட்டார்கள், அந்த ஒருவன்தான் படுவான்.

அதனால் கேட்கிறேன். கல்யாணம் முடியும் வரை நீ குடிகாரனாகவே இரு. இருளாயி யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். நானும் கோயிலில் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. தை முடிந்து மாசி பிறந்ததும் நானே வந்து சொல்கிறேன். மூன்று மாதம்தானே.

இதை எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன்.

அக்கா


தாண்டிக்குடி
20 நவம்பர் 2024

அக்கா,

மூன்று மாதம்தானே என்று எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் என் சட்டைப் பொத்தானை நான் போட்டேன். இப்போது இருளாயி போடுகிறாள். என் மூன்று மாதம் அப்படிப்பட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வாசலுக்குப் போய்த் துப்பப் பார்த்தேன். உதடு குவியவில்லை, நாக்கு தள்ளவில்லை. நாடியில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. உன்னை நினைத்து ஒரு எச்சில் துப்பக்கூட எனக்கு வக்கில்லை.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். கயிறு கட்டியும் குடித்ததால் கருப்பு என் நாக்கைப் பிடித்துக்கொண்டது என்று பூசாரி சொல்லிவிட்டார். கிடா வெட்டினால் விடுமாம். பெண்கள் தங்கள் புருஷன்மாரை என் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "பாத்துக்க, சத்தியத்த மீறுனா இப்படித்தான் கெடக்கணும்" என்று என்னைக் காட்டுகிறார்கள். நான் எச்சில் ஒழுக உட்கார்ந்து காட்சி கொடுக்கிறேன். இரண்டு பேர் நிஜமாகவே குடியை விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லி இருளாயியும் நானும் சிரித்தோம். அது நானே சிரித்த சிரிப்பு.

நீ உன் மகளுக்காகக் கேட்கிறாய். புரிகிறது. புரிந்தாலும் அருவருப்பு அருவருப்புதான். குடிகாரன் என்றால் சிரிக்கிறார்கள், நோயாளி என்றால் எழுந்து ஓடுவார்கள் என்கிறாய். அப்படிப்பட்ட வீட்டில் ஏன் பெண்ணைக் கொடுக்கிறாய்?

நான் வரவில்லை. மாலை போட்டு, பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போகச் சித்தப்பா மகன் நாச்சிமுத்துவை நிறுத்திக்கொள். அவன் நிஜமாகவே குடிப்பான், உனக்கு வசதி.

வேலப்பன்


வட்டக்கானல்
12 ஜனவரி 2025

தம்பி,

நாச்சிமுத்துவை நிறுத்தலாம் என்று சொன்னேன். தமிழ்மதி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "எங்க மாமா கையப் புடிச்சுத்தான் நான் மணவறைக்கு வருவேன். இல்லன்னா நீயே போயி உக்காந்துக்க" என்கிறாள். உன்னிடம் நான் கேட்டது அவளுக்குத் தெரியாது. உன்னை வரச்சொல்ல எனக்கு முகமில்லை. கல்யாணப் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்று உன் பெயர்தான் போட்டிருக்கிறது.

அக்கா


தாண்டிக்குடி
20 ஜனவரி 2025

அக்கா,

மதிக்காக வருகிறேன். நீ கேட்டபடியே வருகிறேன். நன்றி சொல்லி எழுதிவிடாதே, படிக்கச் சகிக்காது.

வேலப்பன்


வட்டக்கானல்
9 பிப்ரவரி 2025

தம்பி,

கல்யாணம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

இருளாயி தோளைப் பிடித்துக்கொண்டு நீ மண்டபத்துக்குள் வந்தாய். பத்தடி தள்ளி நின்ற எனக்கே பிராந்தி வாடை வந்தது. கடைசியில் குடித்தே விட்டான் என்று நினைத்தேன். எவ்வளவு வெரசாக நினைத்தேன் பார். தண்ணீரையே கூழாக்கித் தின்கிறவன் பிராந்தியை எப்படி விழுங்குவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாலை போட உன் கை உயரவில்லை. தமிழ்மதிதான் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்போது உனக்கு அந்தச் சிரிப்பு வந்தது. மணவறைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாய். மாப்பிள்ளையின் பெரியப்பா தண்டாயுதபாணி உன் சட்டைக் காலரைப் பிடித்து, "நல்ல காரியத்துலகூட ஊத்திட்டு வரணுமாலே? வெளிய போலே" என்று தள்ளினார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அட்சதைத் தட்டைச் சரி செய்கிற மாதிரி நான் குனிந்துகொண்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது நீ வாசலில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு நான் பந்தி விசாரிக்கப் போனேன். சம்பந்திக்கு அப்பளம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருளாயி போன் செய்தாள். குவார்ட்டர் பாட்டில் வாங்கி உன் சட்டையில் ஊற்றச் சொன்னாயாம். வாங்கி வந்தவள் ஊற்ற மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். பாட்டிலை முட்டிக்கு நடுவில் வைத்து ஒற்றைக் கையால் திருகி, நீயே மார்பில் கவிழ்த்துக்கொண்டாயாம். வாடை இல்லாமல் குழறினால் சந்தேகம் வரும் என்று சீட்டில் எழுதிக் காட்டினாயாம். வாடை இல்லை என்று செப்டம்பரில் உனக்கு எழுதியவள் நான்தான்.

மாப்பிள்ளையும் தமிழ்மதியும் மறுவீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் அத்த. மதி ஐப்பசியிலயே ரிப்போர்ட்டக் காட்டிட்டா. எங்க அம்மாவுக்கும் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். அன்னைக்கு வாடை அடிச்சதும், மனசு ஒடிஞ்சு குடிச்சிட்டாரு போலன்னு நாங்களும் நெனச்சுட்டோம்" என்றார். தமிழ்மதி என் கையிலிருந்த காப்பியைக்கூட வாங்காமல் போய்விட்டாள். உன் சட்டையில் ஊற்றிய பிராந்திக்கு அந்த மண்டபத்தில் தேவையே இருக்கவில்லை தம்பி. நான் கேட்காமல் இருந்திருந்தால் போதும்.

அடுத்தவர் வாந்தியைப் பத்தொன்பது வருஷமாக அள்ளியிருக்கிறேன். எதைப் பார்த்தும் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை, என்னை நினைத்தால் வருகிறது.

இருபத்தாறாம் தேதி சிவராத்திரி. ஊர் கூடும். வெள்ளனே வந்துவிடுகிறேன். அதே இடத்தில் நின்று சொல்கிறேன். என் முகத்தில் விழிக்க உனக்குச் சம்மதமா என்று மட்டும் எழுது.

அக்கா


தாண்டிக்குடி
17 பிப்ரவரி 2025

அக்கா,

இதை எழுத இரண்டு நாள் ஆனது. எழுத்து கோணலாக இருக்கும்.

வா. நீ செய்ததை மன்னிக்கிறேனா என்று தெரியவில்லை, அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வந்து சொல்.

இருளாயி அந்தச் சட்டையை மூன்று தடவை துவைத்துவிட்டாள், வாடை போகவில்லை. கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. கை மெலிந்ததில் அதுவே முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கழன்று விழுந்தால் கருப்பே கழற்றிவிட்டது என்று பூசாரி ஒரு கதை கட்டுவார். அதற்குள் வா.

நீ சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். என் வாயைப் பார்க்காதே, கண்ணைப் பார்.

பக்கத்தில் வந்து காதோரம் சொல்லிவிட்டுப் போய்விடாதே. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கூட்டத்தின் கடைசியில் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி சொல். போன வருஷம் கத்தினாயே, அந்தச் சத்தம் போதும்.

வேலப்பன்